84 மைல் வேகத்துக்கு 9 டிகிரி டிரைவரை விற்றது தொடர்பான புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
திருவொற்றியூர், சென்னை 600 019.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பொருந்தாத லாஃப்ட் உள்ள கோல்ஃப் டிரைவரை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

கடந்த மார்ச் மாதம் உங்கள் சென்னைக் கடையில் 9 டிகிரி டிரைவர் (தூரம் அடிக்கும் மட்டை; 9 டிகிரி என்பது அதன் லாஃப்ட், அதாவது பந்தில் படும் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) ஒன்றை 46,500 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லின் நகலையும், அன்றைக்கு உங்கள் ஆள் என் அடியை மெஷினில் அளந்து கொடுத்த தாளின் நகலையும் இணைத்திருக்கிறேன். மட்டையில் கீறலோ விரிசலோ கிடையாது. நல்ல மட்டைதான், எனக்கு ஆகாத மட்டை. ஆகாது என்று உங்கள் தாளே சொல்லியும் அதை என் தலையில் கட்டினீர்கள். அதுதான் புகார்.

நான் முப்பத்தோரு வருடம் இங்கே லேத் பட்டறை நடத்தியவன். பட்டறையை மகனிடம் விட்ட பிறகு, பழைய பார்ட்டி ஒருவர் நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போய் இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டார். எங்கள் பக்கம் பந்து என்றால் ஃபுட்பால், கிளவுஸ் என்றால் பாக்ஸிங். கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு தேரடி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறுகிறவனை இன்னும் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். டிரைவர் வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "எந்த வண்டிக்கு?"

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். வலையைப் பார்த்துப் பத்துப் பந்து அடித்தேன். மட்டைத் தலையின் வேகம் சராசரியாக மணிக்கு 84 மைல். தலை பந்தை நோக்கி 3 டிகிரி கீழிறங்கி வருகிறது. சம்மட்டி பிடித்துப் பழகிய கை, அப்படித்தான் வரும். இரண்டும் உங்கள் தாளில் அச்சாகியிருக்கின்றன. நான் 12 டிகிரி மட்டையைக் கையில் எடுத்தேன். உங்கள் ஆள் அதை வாங்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், ஒன்பதே எடுங்க. லாஃப்ட் கம்மியா இருந்தாதான் தூரம் போவும். பன்னெண்டெல்லாம் லேடீஸும் வயசானவங்களும் யூஸ் பண்றது."

எனக்கு வயது 62. அதையும் அந்தத் தாளில் அவர்தான் எழுதினார்.

பெண்கள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அமெரிக்காவில் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் ஆடுகிறவர்களின் சராசரி வேகம் சுமார் 95 மைல். என்னைவிடப் பத்து மைலுக்கும் மேல். அவர்கள் தலையை மேல்நோக்கி ஏற்றி அடிக்கிறார்கள். பந்து கிட்டத்தட்ட 13 டிகிரியில் கிளம்புகிறது. எனக்கு உங்கள் 9 டிகிரி மட்டையில் கிளம்புவது 8 டிகிரி. அந்தப் பெண்களோடு ஒப்பிட எனக்கு வெட்கமில்லை, தகுதிதான் இல்லை.

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்ற காலத்தில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். டியூபில் பிரஷர் இருந்தால் முனையைத் தாழப் பிடித்தாலும் தண்ணீர் எதிர்வாசல் வரை போகும். பிரஷர் குறைந்தால் முனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பந்துக்கு இதோடு பின்சுழற்சியும் சேர்கிறது. காற்றில் பந்தைத் தாங்கிப் பிடிப்பது அந்தச் சுழற்சிதான். வேகமாக அடிக்கிறவனுக்குச் சுழற்சி மிஞ்சிப்போய்ப் பந்து மேலே எழும்பித் தூரத்தை இழக்கும். அவனுக்கு 9 டிகிரி சரி. மெதுவாக, அதுவும் கீழ்நோக்கி அடிக்கிறவனுக்குப் பந்து எழும்புவதற்குள் விழுந்துவிடுகிறது. 85 மைலுக்குக் கீழே என்றால் 12 டிகிரியில் ஆரம்பித்துப் பார்ப்பதுதான் வழக்கம். இது உங்கள் தொழில், எனக்குத் தெரிந்தது உங்கள் ஆளுக்குத் தெரியாமல் இருக்காது.

பிறகு நான் எப்படி மயங்கினேன்? திரையில் 205 கஜம் என்று பெரிய எழுத்தில் காட்டினார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுத் தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது, காற்றில் போனது 162 கஜம், மீதி 43 கஜம் தரையில் உருண்டது. தரை எவ்வளவு கெட்டி என்று மெஷினில் வைத்தது நீங்கள். சிமென்ட் ரோட்டில் அடித்தால் ஒருவேளை அப்படி உருளும். நந்தனத்தில் மழை பெய்த மறுநாள் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. கூட ஆடுகிறவரின் 12 டிகிரி மட்டையை வாங்கி அடித்துப் பார்த்தேன். அதே ஷாஃப்ட் (மட்டைத் தண்டு), அதே கை, பத்துப் பதினைந்து கஜம் தள்ளிப் போய் விழுகிறது. எட்டாவது முறையும் அப்படியே விழுந்த பிறகு மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மனிதர் முகம் மாறத் தொடங்கியிருந்தது.

பழக்கதோஷம், உங்கள் மட்டையைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வி பிளாக்கில் அசையாமல் பிடித்து, பெவல் புரொட்ராக்டரால் (கோணம் அளக்கும் கருவி) முகத்தின் நடுவில் அளந்தேன். எட்டேகால் வந்தது. டிரைவரின் முகம் மேலிருந்து கீழாகவும் லேசாக வளைந்தது, அதனால் என் அளவில் கால் டிகிரி முன்பின் இருக்கலாம். செய்யும் இடத்திலும் கொஞ்சம் விலகல் விடுவார்கள் என்பது தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. விலகல் உண்டு என்று தெரிந்திருந்தும் எனக்கு வேண்டியதற்கு எதிர்த்திசையில் இருப்பதை எடுத்துக் கொடுத்தீர்களே, அதைச் சொல்கிறேன்.

ஏப்ரலில் மின்னஞ்சல் அனுப்பியபோது, "கழுத்தில் உள்ள ஸ்லீவைத் திருப்பி 2 டிகிரி ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. செய்தேன். தலையையும் ஷாஃப்டையும் இணைக்கும் அந்த ஸ்லீவைத் திருப்பினால் ஷாஃப்ட் நிற்கும் சாய்வுதான் மாறுகிறது. மட்டையைத் தரையில் வைத்தால் முகம் மூடி இடப்பக்கம் பார்க்கிறது. அதைக் கையால் திருப்பி நேராக்கினால்தான் லாஃப்ட் கூடும். திருப்பாமல் அடித்தால் லாஃப்ட் அப்படியே இருக்க, பந்து மட்டும் இடப்பக்கம் போகும். என் பந்து ஏற்கெனவே இடப்பக்கம் போகிற பந்து. மே மாதம் மட்டும் இடப்பக்க மரங்களுக்குள் பதினோரு பந்துகளைத் தொலைத்திருக்கிறேன். அவற்றின் விலையைக் கேட்கவில்லை.

இன்னொரு ஊழியர் ஃபோனில், "கோச்சிடம் போய் மேல்நோக்கி அடிக்கப் பழகுங்கள் சார், ஒன்பது சரியாகிவிடும்" என்றார். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஏற்றி அடித்தால் குறைந்த லாஃப்டிலும் பந்து எழும்பும். ஆனால் செருப்புக் கடிக்கிறது என்று வந்தவனிடம் காலைப் பழக்கு என்று சொல்ல எதற்கு அளவெடுத்தீர்கள்?

நான் கேட்பது சின்ன விஷயம். அதே மாடலில் 12 டிகிரி தலையை மாற்றித் தாருங்கள். என் ஷாஃப்ட் அப்படியே போதும். தலையைத் தனியாகத் தர வழியில்லை என்றால், மட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் ஆடியதற்கு நியாயமாகக் கழித்து மீதியைக் கொடுங்கள். மாற்றித் தரும்போது மெஷினில் தரையை மெத்தென்று வைத்து, காற்றில் போகும் தூரத்தைக் காட்டுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் பகுதிக்கான சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. உங்கள் தாள்தான் என் சாட்சி.

மட்டை உறையோடு பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளிலும் கொண்டுவரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், அளவுத் தாள் நகல், ஏப்ரல் மாத மின்னஞ்சல் நகல், புரொட்ராக்டர் அளவின் புகைப்படம்.