புல்வெளியில் குழி வெட்ட வேண்டாம்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் குடியிருப்பின் மரம் நடும் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் மறுபடியும் மரம் நட ஊட்டிக்கு பஸ் போகிறது என்று லிஃப்டில் ஒட்டியிருக்கிறீர்கள். போன வருஷம் நானும் உங்களோடு வந்தவள். அந்த உரிமையில் கேட்கிறேன்: தயவுசெய்து இந்த முறை அங்குள்ள இயற்கைப் புல்வெளியில் குழி வெட்ட வேண்டாம்.

அன்றைக்கு நான் வெட்டிய குழி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மண் கன்னங்கரேலென்று, ஈரமாக, கையில் பொதபொதவென்று இருந்தது. அதற்குள் தலைமுடி மாதிரி புல்வேர் பின்னிக் கிடந்தது. "எவ்வளவு சத்தான மண், எதை நட்டாலும் வரும்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். நீலகிரியில் பிறந்த நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும்.

அந்தக் கறுப்பு, குளிர் சேர்த்து வைத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். பெங்களூரு 900 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200க்கு மேல். இங்கே சீக்கிரம் மட்கிவிடும் சருகு, அங்கே நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகிவிடுவதால் மெதுவாகத்தான் மட்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அந்த மட்குக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். மழை சுண்ணாம்புச்சத்தை அடித்துப் போய் மண் அமிலமாகிவிடும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். புல் இதற்கெல்லாம் பழகியது. குழி வெட்டிப் புரட்டினால், காத்து வைத்த மட்கு வேகமாகக் கரையும். அன்று சாயங்கால மழையில் நம் குழிகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்ததை பஸ் ஜன்னலில் நீங்களும் பார்த்தீர்கள்.

ஜனவரியில் அம்மாவைப் பார்க்கப் போனபோது அங்கே நடந்தேன். நம் கன்றுகள் உறைபனியில் கருகி நின்றன. குழி ஓரங்களில் சீகை, அதாவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம், முளைத்திருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் தரிசு என்று சொல்லித்தான் அங்கே சீகையும் யூக்கலிப்டஸும் நட்டார்கள். வரையாடு மேய்கிற, பவானிக்கும் பைக்காராவுக்கும் தண்ணீர் தருகிற நிலம் அது. மரம் இல்லாத இடம் வெறும் இடம் என்ற நினைப்பு நமக்கு இன்னும் போகவில்லை. ஆனால் நம்ம தெருவில் ரோட்டை அகலமாக்க மரங்களை வெட்டியபோது குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லையே? அந்த இடத்தில் இன்றுவரை ஒரு கன்றுகூட இல்லை.

சரி, கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பஸ் போகட்டும், அனுமதி வாங்கி அங்கே சீகைக் கன்றுகளைப் பிடுங்குவோம், நானும் வருகிறேன். புல்வெளியில் குழி மட்டும் வேண்டாம். வாங்கி வைத்த கன்றுகளை நம்ம தெருவில் நடலாம். தினமும் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

அன்புடன்,
மூன்றாம் மாடியிலிருந்து