சுருதியை இறக்கித் தந்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

முந்தாநாள் இரவு செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் கர்ண மோட்சம் தெருக்கூத்து. 14 மாதம் கழித்து மறுபடியும் கர்ணன் வேடம் கட்டினேன். விடிந்து, வேடம் கலைத்து, வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. காதோரத்தில் இன்னும் அரிதாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையிலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

குடியால் என்ன நடந்தது, எங்கே விழுந்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

முதலில் எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை ஊதும் அண்ணன். முகவீணை என்பது நாதஸ்வரம் மாதிரி ஒரு சின்னக் குழல். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று 2 வருஷத்துக்கு மேல் ஆகிறது. தப்பு முழுக்க என்னுடையது. நான் திரும்பி வருவதை யாராவது வேண்டாம் என்று சொன்னால் அது அவராகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சொன்னாலும் அது நியாயம்தான் என்றும் நினைத்திருந்தேன்.

போன மாதம் எங்கள் கூத்து வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பாட்டை ஓட்டிப் பார்த்தோம். என்னுடைய பழைய சுருதி ஐந்து கட்டை. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் ஏற ஏறக் குரலும் மேலே போக வேண்டும். மேலே ஏறும்போது குரல் பிளந்தது. மூன்று தடவை பாடினேன், மூன்று தடவையும் அதே இடத்தில் பிளந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஓரமாக உட்கார்ந்து, குழலில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

கூத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் சுருதி இறக்குவது சுலபம், வேறு கட்டையில் விரல் வைத்தால் போதும். முகவீணை அப்படி இல்லை. அதன் சுருதி குழலின் நீளத்தில் இருக்கிறது. ஒரு கட்டை இறங்க வேண்டுமென்றால் நீளமான வேறு குழல் வேண்டும். விரல் போகிற இடம் மாறும், சீவாளி மாறும், மூச்சின் அளவும் மாறும். ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்து விடியும்வரை ஊதுகிறவருக்கு அது லேசான காரியம் இல்லை.

முந்தாநாள் ராத்திரி நான் சபைக்கு வர வேண்டிய நேரம், எனக்குத் திரை பிடித்துவிட்டார்கள். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் ஏறிய உடம்போடு திரைக்குப் பின்னால் நிற்கிறேன். அந்த இடத்தில் நான் நிதானமாக நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. உள்ளங்கை வேர்க்கிறது. எந்த இடத்தில் குரல் உடையும் என்பதுதான் மனசு முழுக்க.

முகவீணை எடுத்தது. முதல் சுரத்தைக் கேட்டதும் எங்கேயோ பிசகிவிட்டது என்று பயந்தேன். கீழே இருந்தது. நாலு கட்டை. அடுத்த நொடி ஆர்மோனியமும் அங்கேயே வந்து சேர்ந்தது, பின்பாட்டும் அங்கேயே எடுத்தது. எல்லோரும் பேசி வைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது அவருடைய வழக்கமான குழல் இல்லை. அதைவிட நீளமானது, கறுத்துப்போனது, அடிப்பக்கத்தில் செம்புக் கம்பி சுற்றியது. விருத்தத்தை எடுத்தேன். மேலே போனேன். குரல் உடையாமல் நின்றது.

வாத்தியார் சொல்லித்தான் பிற்பாடு தெரியும். அது அண்ணனுடைய அப்பா ஊதிய குழல். பரணிலிருந்து இறக்கி, விரிசலுக்குக் கம்பி சுற்றி, 20 நாள் வீட்டில் தனியாக ஊதிப் பழகியிருக்கிறார். துரியோதனனும், கர்ணன் மனைவி பொன்னுருவியும் கட்டியவர்கள்கூட எனக்காக விடிய விடிய நாலு கட்டையிலேயே பாடினார்கள்.

காலையில் அவர் எதிரே போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்தான் பேசினார்: "பொன்னுருவிகிட்ட விடைபெறுற எடத்துல மூச்ச முன்னாடியே விட்டுடுற. அங்க பாத்துக்க." 2 வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. இன்னும் என்னை ஒரு கூத்தாடியாகத்தான் பார்க்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

'குடித்தால்தான் குரல் திறக்கும்' என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். நம்பவும் செய்தேன். சிகிச்சையின்போது மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: குடி தொண்டையை உலர்த்துகிறது, புண்ணாக்குகிறது, அந்த வலியை உணர விடாமலும் செய்கிறது. சாயங்காலம் கை நடுங்கும், ஒரு மடக்கு உள்ளே போனால் நின்றுவிடும், அதைத் தெம்பு என்று நினைத்தேன். நடுக்கமே குடியால் வந்தது என்று தெரிய எனக்கு இத்தனை வயது ஆகிவிட்டது. எப்படி நிறுத்தினாய் என்று கேட்கிற தம்பிகளுக்கு: பல வருஷம் தினமும் குடித்தவர்கள் தனியாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலிப்பு, புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

அந்த மருத்துவருக்கும், ராத்திரிப் பணியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செவிலியர் அக்காவுக்கும் என் வணக்கம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்து நண்பர்களுக்கும். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த கூட்டம் அது. எங்கள் பக்கத்திலும் வாரா வாரம் நாற்காலி போட்டு ஒருவர் காத்திருந்தார். உங்கள் பெயரைச் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. இத்தனை நாள் என் கர்ணனைக் கட்டிய தம்பி, கிரீடத்தில் உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளை எல்லாம் ஒட்டி வைத்திருந்தான். அன்று என் முதுகில் புஜக்கட்டைக் கயிற்றை இழுத்துக் கட்டியதும் அவன்தான். ஆட்டம் பேசித் தாம்பூலம் கொடுக்கும்போது 'கர்ணன் அவர்தானே?' என்று என் பெயரைச் சொல்லிக் கேட்ட ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி. வீட்டில் அவளுக்கு நன்றி என்ற சொல் போதாது, அதை வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம், எங்கள் கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்திப்போகும் கட்டியக்காரன். வேடம் கட்டும் கொட்டகை வாசலிலேயே நின்று, யாரோ அன்பாகக் கொண்டுவந்த பாட்டிலை, அவர் மனம் நோகாமல் பேசித் திருப்பி அனுப்பினான். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறான். பார்த்தேன் தம்பி. இனி அந்த வாசலில் நானும் நிற்பேன். எந்த ஜமாவாக இருந்தாலும் சரி, பக்கத்தில் ஆட்டம் என்று கூப்பிட்டால் போய் நிற்பேன்.

அடுத்து ஆனியில் பதினெட்டாம் போர் கூத்து. அண்ணே, மூச்சை விடுகிற அந்த இடத்தைத் தினமும் பாடிப் பார்க்கிறேன். அப்பாவுடைய குழலை மட்டும் மறுபடி பரணில் ஏற்றிவிடாதீர்கள். எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு நாலு கட்டைதான்.