மாடு கீடு, புலி கிலி, கன்னா பின்னா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போகாதே. இங்கே கோவையில் நல்ல மழை. மகளும் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருப்பதால் வீடு நிறைந்திருக்கிறது.

சொல்லச் சொல்ல வாய்க்கு இனிக்கும் சொல் எது என்று கேட்டிருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். நீ ‘லொட்டு லொசுக்கு’ என்று எழுதியிருந்தாய். அருமையான தேர்வு. என்னுடையது ‘கீடு’. தனியாக நிறுத்தினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை, மாட்டுக்குப் பின்னால் வந்தால்தான் உயிர் வரும். “மாடு கீடு வந்து செடியைத் தின்றுவிடப் போகிறது, படலைச் சாத்து” என்று அம்மா சொல்லும்போது அந்தக் கீட்டுக்குள் ஆடு, கழுதை, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் அடங்கிவிடும். “காபி கீபி சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் டீயும் மோரும் இரண்டு முறுக்கும் கூடவே வந்து நிற்கின்றன. விருந்தாளியும் கூச்சமில்லாமல் தனக்கு வேண்டியதைச் சொல்லலாம். இவ்வளவு பரிவை ஓர் அரைச் சொல்லில் வைத்த நம் மக்களை நினைத்து எனக்கு எப்போதும் பெருமைதான்.

இவற்றை மொழியியலார் எதிரொலிச் சொற்கள் என்கிறார்கள். சொல்லின் முதல் எழுத்து குறிலானால் ‘கி’, நெடிலானால் ‘கீ’. எழுத்தே அறியாதவர்களும் இந்தக் கணக்கில் பிசகுவதில்லை. நேற்று வந்த சொல்லுக்கும் இதே விதிதான். “லேப்டாப் கீப்டாப் எல்லாம் தொடமாட்டேன் தாத்தா” என்று பேத்தி சொன்னபோது அவளை வாரி அணைத்துக்கொண்டேன். இந்த இலக்கணத்தை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ‘கி’யிலோ ‘கீ’யிலோ தொடங்கும் கிளி போன்ற சொற்களிடம் மட்டும் இது செல்லாது. கிளி கிளி என்றால் இரண்டு கிளிகள் பறந்துவிடும்!

நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் மொழியை ஆராய்ந்த மொழியியலார் எமனோ, எதிரொலிச் சொல்லை வைத்துப் பின்னிய திராவிட நாட்டுப்புறக் கதைகளைப் பற்றி 1938இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பின்னாளில் பர்ரோ என்ற அறிஞருடன் சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியைத் தொகுத்தாரே, அவர்தான். நம் பக்கம் அந்தக் கதையை இப்படிச் சொல்வார்கள். குடிசைக்குள் ஒரு கிழவி “புலி கிலி வந்துவிடப் போகிறது” என்கிறாள். வெளியே பதுங்கியிருக்கும் புலிக்கு அது காதில் விழுகிறது. ‘புலி நான்தான், இந்தக் கிலி யார்? என்னைவிடப் பெரிய மிருகமோ?’ என்று அதற்கு நடுக்கம் எடுத்துவிடுகிறது. கிலி என்றால் அச்சம் என்றும் தமிழில் பொருள் உண்டு அல்லவா! நம் மொழியில் கேட்கும்போது கதைக்கு இரட்டைச் சுவை.

அடுத்து, என் மனத்தில் கீட்டுக்குச் சமமாக நிற்பவை இரட்டைக்கிளவிகள். பள்ளிக்கூடத்தில் ‘சலசல, கலகல’ என்று இரண்டை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலருக்கு அது முடிந்துபோனது. எனக்கு அதில் தீராத வருத்தம். முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போய்ப் பார். பளபள என்றால் ஒளி. மளமள என்றால் முறிகிற கிளை. சளசள என்றால் ஓயாத பேச்சு. தளதள என்றால் அப்போதுதான் பறித்த கீரை. கடைசி எழுத்து அப்படியே இருக்க, உதட்டிலோ பல்லிலோ ஓர் அசைவு மாறினால் உலகமே மாறிவிடுகிறது. கதவு தடதடக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மழை சடசடக்கிறது, தாகத்தில் தண்ணீர் மடமடவென்று இறங்குகிறது. இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியுமா? நெஞ்சு தடதடத்தால் அது வேறு நோய்.

‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம். இரண்டாகவே ஒலிக்கும், பிரித்தால் பொருள் தராது. அவ்வளவு பழைய நூலே இவற்றுக்கு ஒரு நூற்பாவை ஒதுக்கியிருக்கும்போது, கட்டுரையில் ‘மொறுமொறு’ என்று வந்தால் சிறுபிள்ளைத்தனம் என்று அடிப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல தோசையைச் சொல்ல வேறு எந்தச் சொல்லுக்குத் தகுதி இருக்கிறது? ‘கொழகொழ’ என்று சொல்லும்போதே நாக்கு வழுக்கவில்லையா?

கன்னா பின்னாவை விடமாட்டேன். வெகுளி ஒருவன் பரிசு வாங்கும் ஆசையில், வழியில் காதில் விழுந்ததை எல்லாம் கோத்துச் சோழன் அவையில் பாடுகிறான்: “மண்ணுண்ணி மாப்பிள்ளையே, காவிறையே, கூவிறையே, உங்களப்பன் கோவில் பெருச்சாளி, கன்னா பின்னா மன்னா தென்னா.” அவை சிரிக்கிறது. கம்பர் மட்டும் எழுந்து பொருள் சொல்கிறார். மண்ணை உண்டவன் திருமால், கா என்னும் சோலைக்கு இறைவன் இந்திரன், கன்னா என்றது கொடையில் கர்ணன், பின்னா என்றது அவனுக்குப் பின் பிறந்த தருமன் என்று ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். பெருச்சாளியைக்கூட ‘பெருச்சு ஆளி’ என்று பிரித்து, பெரிய சிங்கமாக்கிவிடுகிறார்! வாய்மொழிக் கதைதான். ஆனாலும் பெரும்புலவர் ஒருவரை ஏழையின் பக்கம் நிற்க வைத்த மக்களின் மனசு எனக்கு மிகவும் பிடிக்கிறது.

நம் விடுதியில் இருந்த யாழ்ப்பாணத்துத் தோழனை நினைவிருக்கிறதா? செருப்புக் கடை வாசலில் அவன் ‘சப்பாத்து’ என்று சொன்னதும் நாம் எல்லோரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தோமே. அதுவும் அலவாங்கும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். கடப்பாரையைவிட அலவாங்கில் கனம் அதிகம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஓர் உதவி வேண்டும். உன் அம்மா பேசுவதைக் கேட்டாலே எனக்கு நெல்லைச் சீமை முழுவதும் தெரியும். தொட்டுக்கொள்ளும் கறிக்கு வெஞ்சனம், துடைப்பத்துக்கு வாரியல், சக்கரத்துக்குப் பைதா என்று அவர் சொல்லும் சொற்கள் இங்கே யார் வாயிலும் இல்லை. அவர் உட்கார்ந்து பேசும் நேரத்தில் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள். கேட்டு வாங்காதே, கேட்டால் ஒன்றும் வராது. கீரை ஆயும்போதும் பேரனைக் கடிந்துகொள்ளும்போதும் தானாக வரும். எந்தச் சமயத்தில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுது. பதிலுக்கு நான் பொடக்காலியும் அட்டாலியும் ஒடக்கானும் அனுப்புகிறேன். எங்கள் கொங்குப் பக்கத்தில் புறக்கடையும் பரணும் ஓணானும் அப்படித்தான் வாழ்கின்றன.

கண் நன்றாகத் தெளிந்த பிறகு எழுதினால் போதும், அவசரமில்லை. அதுவரை தங்கச்சியையாவது இரண்டு வரி போடச் சொல். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்