கையேட்டில் ஒரு ஆயில், எஞ்சினில் வேறு ஆயில்: கார் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் டீசல் கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

பொருள்: சர்வீஸில் தவறான எஞ்சின் ஆயில் ஊற்றியது, வெளியே ஆயில் மாற்றியதற்காக வாரண்டியை மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி தயாரான தங்களது டீசல் காரை வாங்கிய நாள் முதல், கோவையில் உள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான் விட்டு வந்தேன். கடந்த சர்வீஸில் என் வண்டிக்குப் பொருந்தாத எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். வெளியே சரியான ஆயிலை மாற்றிக்கொண்டதும், வாரண்டியே கிடையாது என்கிறார்கள்.

நீங்கள் தந்த கையேட்டில் 5டபிள்யூ-30 கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது), ஏசிஇஏ எனும் ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் சி3 தரம் என்று அச்சிட்டிருக்கிறது. பில்லிலோ 'எஞ்சின் ஆயில், டீசல்' என்ற ஒரு வரியும் லிட்டர் கணக்கும் விலையும்தான் உள்ளன. எந்தத் தரம் என்று கேட்டதற்கு சர்வீஸ் அட்வைசர் மழுப்பினார். விடாமல் கேட்ட பிறகே ஒர்க்‌ஷாப்புக்குள் அழைத்துப் போனார். மூலையில் பம்ப் பொருத்திய டிரம் ஒன்று நின்றது. ஆயில் வழிந்து லேபிளில் பாதி கறுத்திருந்தது. துணியால் துடைத்துப் படித்தேன்: 5டபிள்யூ-40 கிரேடு, அதே சங்கத்தின் ஏ3/பி4 தரம். "எல்லா டீசல் வண்டிக்கும் இதைத்தான் ஊற்றுகிறோம் சார், இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். யாரும் கேட்காததால் எத்தனை வண்டிகளில் இதே ஆயில் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

30 கிரேடுக்குப் பதில் சற்றுக் கெட்டியான 40 கிரேடு ஊற்றியதை மட்டும் வைத்து நான் சண்டைக்கு வரவில்லை. கோவை வெயிலுக்கு அது எஞ்சினைக் கெடுத்துவிடாது. மைலேஜ் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். என் கவலையெல்லாம் டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி பற்றியது. அதில் சேரும் கரியை வண்டியே 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துவிடும். ஆனால் ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் எந்தச் சூட்டிலும் போகாது, உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் சி3 தரத்தில் சாம்பல் அளவு 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏ3/பி4 ஆயிலில் அது 1.6 சதவீதம் வரை போகலாம். ஒருமுறை ஊற்றியதால் நாளைக்கே அடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் சேர்ந்து சேர்ந்து, வாரண்டி முடிந்த பிறகுதான் அடைக்கும். அன்றைக்கு, டவுனுக்குள்ளேயே ஓட்டியதால் கரி சரியாக எரியாமல் வந்த கோளாறு என்று சொல்லிப் பெருந்தொகைக்கு பில் நீட்டுவார்கள். முந்தைய சர்வீஸ்களில் என்ன ஊற்றினார்கள் என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஆயிலை இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றித் தரும்படி கேட்டேன். ஒர்க்ஸ் மேனேஜர் மறுத்துவிட்டார். எனவே சிங்காநல்லூரில் நெடுநாள் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கையேட்டைத்தான் கேட்டார். சி3 என்று அச்சிட்ட, சீல் உடையாத கேன்களை வரவழைத்து என் கண்முன்னே திறந்தார். டிரெயின் போல்ட்டின் வாஷரைக்கூடப் புதிதாகப் போட்டார். காலி கேன்களையும் பழைய ஃபில்டரையும் என்னிடமே கொடுத்து, பில்லில் கிரேடையும் தரத்தையும் எழுதித் தந்தார். தங்கள் சென்டரில் நான் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

பிறகு ஏசி கம்ப்ரஸரில் சத்தம் வந்தது. வாரண்டியில் பார்க்கச் சொன்னதற்கு, வெளியே ஆயில் மாற்றியதால் வாரண்டி முழுவதும் ரத்து என்றார்கள். எஞ்சின் ஆயிலுக்கும் ஏசி கம்ப்ரஸருக்கும் என்ன சம்பந்தம்? 2014 ஆகஸ்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக அளித்த உத்தரவைத் தங்கள் சட்டப் பிரிவு அறிந்திருக்கும். வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் நேர்ந்ததோ, அந்த அளவுக்கே மறுக்கலாம் என்கிறது அந்த உத்தரவு. என் வண்டியில் அப்படி எந்தச் சேதமும் இல்லை. தவறான ஆயிலை ஊற்றியது தங்கள் சென்டர். அதைச் சரிசெய்தவர் வெளி மெக்கானிக்.

ஏசி கம்ப்ரஸரை வாரண்டியில் சரிசெய்து தர வேண்டும். வாரண்டி நீடிக்கிறது என்று எழுத்தில் உறுதி வேண்டும். இதுவரை நடந்த ஒவ்வொரு சர்வீஸிலும் ஊற்றிய ஆயிலின் பிராண்ட், கிரேடு, தரம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். டிபிஎஃபின் சாம்பல் அளவை ஸ்கேனரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். தவறான ஆயிலுக்கு வாங்கிய பணத்தையும், மீண்டும் ஆயில் மாற்ற ஆன செலவையும் திருப்பித் தர வேண்டும். அந்த டிரம்மிலிருந்து ஆயில் போன மற்ற டிபிஎஃப் வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடே என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சர்வீஸ் பில், டிரம் லேபிளின் புகைப்படம், கையேட்டின் ஆயில் பக்க நகல், மெக்கானிக் தந்த பில்.