கத்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலை விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு பட்டியல் வந்திருந்தது. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், வெயிலுக்குப் பூசும் களிம்பு, கைபேசிக்கு மேலதிக பற்றரி எல்லாம் இருந்தன. கத்தி இல்லை. எழுதியவர் கரைவலைக்காரரிடம் மீன் வாங்கி அந்த மணலிலேயே சுட்டுச் சாப்பிட்டவர் இல்லைப் போலிருக்கிறது.

நோர்வேயில் இருக்கும் என் பெறாமகன் போன மாதம் வந்தபோது என் கணவருக்கென்று ஒரு சின்னக் கத்தி கொண்டுவந்தான். சுவீடனில் செய்தது. பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. மடக்குகிற கத்தி அல்ல, அலகு பிடியோடு இறுகி நிற்பது. அலகு 6 சென்ரிமீற்றர் நீளம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. பிடியையும் சேர்த்தால்கூட என் கை நீளம் வராது. இவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பென்சில் சீவத்தான் காணும்" என்று மேசையில் வைத்துவிட்டார். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் நான் எடுத்துக்கொண்டேன். 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். பரிசோதனை செய்யாமல் முடிவு எழுதுகிற பிள்ளைக்கு ஒரு நாளும் புள்ளி போட்டதில்லை.

போயா விடுமுறையன்று வான் பிடித்து எட்டுப் பேர் இறக்கக்கண்டிப் பக்கம் போனோம். புறாமலைக்குப் போவோம் என்று பேரப்பிள்ளைகள் நின்றார்கள். அது 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா, அடுப்பு மூட்டுகிற இடமல்ல என்று மறித்துவிட்டேன். இப்படிப் போகும்போதெல்லாம் இவர் இளநீர் வெட்டுகிற பெரிய மன்னாக் கத்தியைச் சாக்கில் சுற்றி எடுத்துவருவார். அன்றைக்கும் வந்தது. சரி, ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்று நானும் பேசாமல் இருந்தேன்.

முதல் வேலை, ஐஸ் பெட்டியைக் கட்டியிருந்த நைலோன் கயிறு. ஒரே இழுப்பில் அறுந்தது. அப்புறம் மீன். வழியில் வாங்கிய சின்னப் பாரை ஆறேழு இருந்தது. அலகின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டச் செதில் கழன்றது. வயிற்றைக் கீறும்போதுதான் இந்தக் கத்தியின் அருமை தெரிந்தது. குட்டை அலகு என்பதால் சுட்டுவிரலை அதன் முதுகில் வைத்து, நுனி எவ்வளவு ஆழம் போகிறது என்று விரலாலேயே உணரலாம். பித்தப்பை ஒன்றுகூட உடையவில்லை. மன்னாவால் மீன் வெட்டியவர்களுக்குத் தெரியும், பித்தப்பை உடைந்த மீனை எத்தனை தரம் கழுவினாலும் கைப்பு போகாது.

மீனைக் குத்திச் சுடப் பூவரசங் கம்பு சீவினேன். (பேரன் ஒருவன் ஓடிப்போய் அலரிக் கம்பு முறித்துக்கொண்டு வந்தான். அலரி இலை முதல் பட்டை வரைக்கும் நஞ்சு. அந்தக் கம்பில் எதையும் குத்திச் சுடக் கூடாது. உங்கள் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்.) கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் மணலில் கிடங்கு வெட்டித்தான் நெருப்பு மூட்டினோம். காய்ந்த தடியைச் சீவிச் சுருள் சுருளாக எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வீட்டுக் கத்திகளில் அலகின் இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல ஒடுங்கி, கடைசியில் கூருக்கென்று இன்னொரு சிறு சரிவு இருக்கும். இதில் அலகின் நடுவிலிருந்து கூர் வரைக்கும் ஒரே சரிவு. அந்தச் சரிவை மரத்தில் படிய வைத்துத் தள்ளினால், கத்தி தானாகவே ஒரே ஆழத்தில் சீவிக்கொண்டு போகிறது. தீட்டும்போதும் அப்படித்தான். அதே சரிவைக் கல்லில் படிய வைத்துத் தேய்க்க வேண்டியதுதான், கோணம் பிடிக்கிற கஷ்டம் இல்லை. தீட்டவே தெரியாத என் மருமகள் பத்து நிமிடத்தில் பழகிவிட்டாள்.

தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். செவ்விளநீர் சீவ முடியவில்லை. கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கொடுத்தேன், இவர் மன்னாவால் மூன்றே வெட்டில் திறந்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். பேசியிருந்தால் பரவாயில்லை. பிறகு இந்தச் சின்னக் கத்தியை விறகின் தலையில் வைத்துத் தடியால் அடித்துப் பிளந்து பார்க்கப் போனார், பறித்துவிட்டேன். விறகின் அகலத்தை விட அலகு நீளமாக இருந்தால்தான் மறுமுனையில் அடிக்க இடம் இருக்கும். இதை வைத்து அடித்தால் கத்தி விறகுக்குள்ளேயே புதைந்துபோகும்.

இன்னொரு குறை, பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு இல்லை. கடைசி மீனில் கை வழுக்கி இடது சுட்டுவிரலில் வெட்டிக்கொண்டேன். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் பத்து நிமிடம் அமத்திப் பிடிக்க இரத்தம் நின்றது. ஏற்பு ஊசி போட்டு மூன்று வருடந்தான் என்பதால் அந்தப் பயம் இருக்கவில்லை. மீன் வழுவழுப்போடு கத்தியைத் தொடுகிறவர்கள் இடைக்கிடை மணலில் கையைத் தேய்த்துக்கொள்வது நல்லது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து இரண்டு கத்தியையும் வேண்டுமென்றே கழுவாமல் வைத்தேன். விடிய எழுந்து பார்க்க, மன்னாவில் செம்மஞ்சளாகக் கறள் பூத்திருந்தது. சின்னதில் ஒன்றும் இல்லை. பெட்டியில் 12சி27 என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த உருக்கில் ஏறக்குறைய 0.6 வீதம் காபன், 13 வீதத்துக்குச் சற்று மேல் குரோமியம். குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலமாகி உருக்கைக் காக்கிறது. அதற்காகக் கறளே பிடிக்காது என்று நம்பிவிட வேண்டாம். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் ஒரு வாரம் சுற்றி வைத்தேன், குண்டூசித் தலையளவில் நாலைந்து புள்ளி விழுந்துவிட்டது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். நம் ஊர்க் கடற்காற்றுக்கு, துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி, உறைக்கு வெளியில் வைப்பதே உத்தமம்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மப்பாவுக்கு மூதூரில் கொல்லுப்பட்டறை இருந்தது. பழைய லொறி வில்லுத்தகட்டை வெட்டி அடித்துத்தான் கத்தி செய்வார். அதிலும் காபன் ஏறக்குறைய இதே 0.6 வீதந்தான் என்பது பின்னாளில் படித்தபோது தெரிந்தது. துருத்தி ஊதி இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோவார். காந்தம் ஒட்டாமல் விட்டதும் இன்னும் கொஞ்சம் ஊதி எண்ணெய்க்குள் இறக்குவார். பிறகு இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும் வரைக்கும் திரும்பக் காய்ச்சுவார், இல்லாவிட்டால் கத்தி கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். துவைச்சல் என்று அவர் சொன்னதைத்தான் நான் பிறகு வகுப்பில் பெரிய பெரிய சொற்களால் படிப்பித்தேன். சத்தகம், பாளைக்கத்தி, பாக்குவெட்டி எல்லாம் அந்தப் பட்டறையிலிருந்து போனவை. பனையோலை வார்கிற சத்தகத்தைவிட இந்தச் சுவீடன் கத்தி பெரிதல்ல. சின்னக் கத்தி நமக்குப் புதிதில்லை.

போன கிழமை இந்தக் கத்தியை நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த ஐயா பெருவிரல் நகத்தில் கூரை வைத்துப் பார்த்தார், முதுகைத் தட்டிச் சத்தம் கேட்டார். "அடிக்கலாம் ரீச்சர். கறள் பிடிக்கும், அது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் கடையில் தொங்குகிற தகரக் கத்தியின் விலையைத்தானே எனக்கும் தரப் பார்ப்பார்கள்" என்றார். உறைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். பிவிசி குழாய்த் துண்டைச் சூடாக்கித் தட்டையாக்கிக் கத்தியைச் சுற்றி அமத்துவாராம். நெருப்பில் பிடிக்காதீர்கள், கருகினால் நச்சுப் புகை வரும், கொதிதண்ணீரிலேயே இளகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கன்னியா வெந்நீர் ஊற்றின் சூடு இதற்குக் காணாது என்றும் சொன்னேன், சிரித்தார்.

அவருக்குப் பின் அந்த உலைக்களத்தில் நிற்க ஆள் இல்லை. மகன் வெளிநாட்டில். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கங்களில் இன்னும் எத்தனை பட்டறை புகைகிறது, யார் என்ன அடிக்கிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி ஒரு பக்கம் எழுதுங்கள். வாசகர்கள் எங்கே போய் வாங்குவது என்றாவது தெரிந்துகொள்ளட்டும். அடுத்த முறை பட்டியல் போடும்போது கத்தியையும் சேருங்கள். கூடையின் அடியில், உறையோடு வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றும் எழுதுங்கள், இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற சாமான் அல்ல அது.

மன்னாவை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லி நான் இவரிடம் கேட்கப்போவதில்லை. செவ்விளநீர் இருக்கிறதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.