‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னதற்கு அப்புறம்

லெஸ்டர்
27 நவம்பர் 2025

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கேட்டாய்: “நர்சிங் படிப்பு முடிச்சிட்டு, ஓ.இ.டி. இங்கிலீஷ் தேர்வு எழுதி நானும் இங்கிலாந்துக்கு வந்திரட்டா அம்மா? அங்க எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லு.” நான் “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, பாட்டி சுகர் மாத்திரை போட்டார்களா என்று பேச்சை மாற்றினேன். நான்கு வருடமாக உனக்கும் அப்பாவுக்கும் இந்த ஒரு பதிலைத்தான் சொல்லிவருகிறேன்.

இப்போது காலை ஒன்பதரை. நைட் டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு சாயா போட்டு வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிடுவேன்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. இங்கே நர்ஸாகப் பதிவு பெற ஆஸ்கி என்று ஒரு செய்முறைத் தேர்வு உண்டு, அதில் நான் முதல் முறை தோற்றேன். “தேதி தள்ளிப்போயிருக்கிறது” என்று உங்களிடம் சொன்னது பொய். 17 வருடம் நாகர்கோவிலிலும் சவுதியிலும் வேலை பார்த்த கை இது. ஊசி போடவும் டிரிப்ஸ் ஏற்றவும் யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பில்தான் தேர்வு நடந்த நார்தாம்ப்டனுக்குப் போனேன். மொத்தம் 10 ஸ்டேஷன், அதாவது 10 சின்னச் சின்னச் சோதனை. மருந்து கொடுக்கும் ஸ்டேஷனில் நோயாளியின் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தேன், சார்ட்டில் அலர்ஜி பகுதியையும் பார்த்தேன், சரியான மருந்தைச் சரியான நேரத்துக்குக் கொடுத்தேன். ஆனால் எல்லாவற்றையும் கண்ணால்தான் செய்தேன். பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று நோயாளியிடம் வாய் திறந்து கேட்கவில்லை. இந்த மாத்திரை எதற்கு என்றும் சொல்லவில்லை. தோற்றுவிட்டேன்.

அன்று இரவு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கை சரியாகத்தானே செய்தது! அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நம் ஊர் வார்டில் 40 பேருக்கு இரண்டு சிஸ்டர். அங்கே பேச நேரம் ஏது? கை ஓடும், வாய் மூடியிருக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் பேசவே கூடாது. அந்தப் பழக்கத்தை அப்படியே விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்போது முழுத் தேர்வுக்குக் கட்டணம் 794 பவுண்ட், தோற்ற ஸ்டேஷனை மட்டும் திரும்ப எழுத 397. இரண்டாவது தடவைக்கு முன்னால், தங்கியிருந்த அறையில் ஒரு தலையணையை நோயாளியாக வைத்துப் பேசிப் பேசிப் பழகினேன். பக்கத்து அறை மலையாளி சேச்சி யாரிடம் பேசுகிறேன் என்று வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் தானும் உட்கார்ந்து நோயாளியாக நடித்தாள். 2022 பிப்ரவரியில் என் பெயர் பதிவேட்டில் ஏறியது. அவள் அன்று புட்டு அவித்துத் தந்தாள்.

தேர்வில் பாஸானதும் வாய் திறந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை.

அந்த வருடம் மே மாதத்தில் ஒரு நைட். என் பகுதியில் ஒரு தாத்தா, வயது 80க்கு மேல், சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்த்திருந்தார்கள். இங்கே ‘நியூஸ்’ என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. மூச்சு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), பி.பி., பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண் போட்டுக் கூட்டுவார்கள். 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரம். இரவு இரண்டு மணிக்கு அவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 22, பல்ஸ் 104, காய்ச்சல் 38.3 செல்சியஸ். கூட்டினால் 4. எண்ணைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சாயங்காலம் என்னிடம் பேரனைப் பற்றிக் கதை சொன்ன மனுஷன், போர்வை நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் “அவ்வளவு மோசமில்லை” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்சார்ஜிடம் 4 என்று சொன்னேன். ‘எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை’ என்று மட்டும் சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, ‘4க்கெல்லாமா எழுப்புவாய்’ என்று கேட்டுவிட்டால்? ஒரு மணி நேரம் கழித்து மூச்சு 25, பல்ஸ் 112, பி.பி. 108, காய்ச்சல் 38.6. மொத்தம் 7.

அப்புறம் எல்லோரும் ஓடி வந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். செப்சிஸ், தொற்று உடம்பு முழுவதையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை. தாத்தா பிழைத்துக்கொண்டார், பத்து நாளில் வீட்டுக்குப் போனார். காலையில் மூத்த நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். “இரண்டு மணிக்கே உனக்குத் தோன்றியதல்லவா? அதையும் சொல்லலாம். அதுவும் ஒரு காரணம்தான்” என்றாள். அவ்வளவுதான். டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று உன்னிடம் பேசியபோது ஜலதோஷம் என்று சொன்னேன்.

டாக்டரிடம் போனில் பேச இங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது, எஸ்-பார் என்பார்கள். இப்போது என்ன நிலைமை, முன்கதை என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். முதல் இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசி இரண்டும்தான் தொண்டையில் நிற்கும். ஒரு டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “நீங்கள் அரை மணிக்குள் வந்து பார்க்க வேண்டும்” என்று நான் சொல்வதா? ஒரு வருடம் ஆயிற்று மக்களே, அது குரல் நடுங்காமல் வருவதற்கு.

ஓ.இ.டி.க்கு இப்போதே படி. படிக்க, கேட்க, பேச மூன்றிலும் பி கிரேடு வேண்டும், எழுத்தில் சி பிளஸ் போதும். ஆனால் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இந்த ஊர்ப் பேச்சு இருக்காது. இங்கே வயதானவர்கள் என்னை “மீ டக்” என்று கூப்பிடுவார்கள். டக் என்றால் வாத்தல்லவா! முதல் வாரம் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, நாம் யாரைப் பார்த்தாலும் ‘மக்களே’ என்கிறோமே, அதேதான். நோயாளி “அவ்வளவு மோசமில்லை” என்றால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்.

ஊரைப் பற்றிக் கேட்டாய். லெஸ்டரில் பெல்கிரேவ் ரோடு என்று ஒரு தெரு, முழுக்கக் குஜராத்திகள். நகைக்கடை, சேலைக்கடை, முருங்கைக்காய், பச்சை மிளகாய் எல்லாம் உண்டு. நம் மரச்சீனிக்கிழங்கு மலையாளி கடையில் உறைய வைத்த பாக்கெட்டில் கிடைக்கும். சாளை மீனும் உறைந்ததுதான். குழம்பு வைக்கலாம், ஆனால் அது நம் குளச்சல் சாளை இல்லை. 1972இல் உகாண்டாவை ஆண்ட இடி அமீன், குஜராத்திகள் உள்பட ஆசியர்களை அந்த நாட்டிலிருந்து துரத்தியபோது, லெஸ்டர் நகரசபை அந்த நாட்டுச் செய்தித்தாளிலேயே ‘எங்கள் ஊருக்கு வராதீர்கள்’ என்று விளம்பரம் கொடுத்ததாம். ஆனாலும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அப்படி வந்த ஒரு பாட்டி எங்கள் வார்டில் மூன்று வாரம் இருந்தார். தலைசீவி விட்டால் “தீக்ரி” என்பார், மகளே என்று அர்த்தம். அவர் தலையை வாரும்போதெல்லாம் ஸ்கூலுக்கு அனுப்ப உனக்கு ரெட்டை ஜடை பின்னியது நினைவுக்கு வரும். அந்த மூன்று வாரமும் எனக்கு ரொம்ப நன்றாகவும் இருந்தது, ரொம்பக் கஷ்டமாகவும் இருந்தது.

சம்பள விஷயம். 2025 கணக்குப்படி புதிதாகச் சேரும் நர்ஸுக்கு வருடம் 31,049 பவுண்ட். வரி, பென்ஷன் எல்லாம் போக மாதம் 2000 பவுண்ட் பக்கம் கையில் வந்தது. இரவிலும் சனிக்கிழமையிலும் வேலை பார்த்தால் 30 சதவீதம் கூட, ஞாயிறென்றால் 60 சதவீதம் கூட. நான் ஏன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் டியூட்டி போடுகிறேன் என்று பாட்டி கோபப்படுகிறார்களே, அதற்கு இதுதான் காரணம். வாடகை, கவுன்சில் வரி, கேஸ், கரண்ட் என்று பாதி இங்கேயே போய்விடும். ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடாதே.

படிப்பு இங்கே வேலையோடு சேர்ந்தேதான் வரும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 450 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும், 35 மணி நேரம் படித்திருக்க வேண்டும், அப்புறம் நம் வேலையை நாமே திரும்பிப் பார்த்து ஐந்து குறிப்பு எழுத வேண்டும். நடுவில் ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்கும் அனுப்பினார்கள், நிலைமை மோசமாகிற நோயாளியை எப்படிக் கண்டுகொள்வது என்பதைப் பற்றி. லீவு நாளில் வகுப்பு, நைட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து வாசிப்பு. அந்தத் தாத்தாவைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். செப்சிஸ் என்றால் என்ன, கிருமி எப்படிப் பரவும் என்று புத்தகத்தில் உள்ளதையெல்லாம் கொட்டி 2000 வார்த்தை. திரும்பி வந்த தாளின் ஓரத்தில் ஆசிரியை ஒரே கேள்வி எழுதியிருந்தார்: “இதில் நீ எங்கே?” இத்தனை வருடத்தில், இரவு இரண்டு மணிக்கு உனக்கு என்ன தோன்றியது என்று என்னை யாரும் கேட்டதில்லை. திரும்ப எழுதினேன். பயந்தேன் என்று எழுதினேன். திட்டு வாங்குவேன் என்று பயந்தேன், அதனால் ஒரு மனுஷன் ஒரு மணி நேரம் காத்திருந்தான் என்று எழுதினேன். அந்தக் கட்டுரையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், உனக்கு அனுப்புகிறேன்.

இனி நல்லதல்லாததும். நவம்பர், டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். லாங் டே டியூட்டி என்றால் இருட்டில் போய் இருட்டில் வருவேன், நாலைந்து நாள் வெயிலே பார்க்காமல் போகும். குளிர்காலம் முழுக்க வைட்டமின் டி மாத்திரை போடச் சொல்கிறார்கள், போடுகிறேன். அது எலும்புக்கு. மனசுக்கு வேண்டியதை நீயேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு நோயாளி, “நீ தொடாதே, வேறு ஆளை அனுப்பு” என்றார். இன்சார்ஜ் போய், இவர்தான் உங்கள் நர்ஸ் என்று சொல்லிவிட்டு வந்தாள். இருந்தாலும் அந்த வார்த்தை இரண்டு நாள் கூடவே வந்தது. 2024 ஆகஸ்டில் பல ஊர்களில் கலவரம் நடந்ததே, சண்டர்லாண்டில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்சுகள் மேல் கல் எறிந்தார்கள். அந்த வாரம் நாங்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்துதான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். உங்களிடம் மழை என்று மட்டும் சொன்னேன்.

விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. நான் வந்தபோது வெளிநாட்டு நர்சுகளை வரிசையாக எடுத்தார்கள். இப்போது அப்படி இல்லை, இங்கேயே படித்து முடித்த பிள்ளைகளே வேலை கிடைக்கவில்லை என்கிறார்கள். ஐந்து வருடத்தில் கிடைத்துவந்த பி.ஆரை, அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையை, பத்து வருடமாக்கும் யோசனையை 2025இல் அரசு முன்வைத்தது. எனக்கு 2026 நவம்பரில் ஐந்து முடிகிறது. என்ன ஆகுமோ, ராத்திரி இது நினைவுக்கு வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். நீ பதினொன்றாம் வகுப்பின் நடுவில் இருந்தபோது நான் கிளம்பினேன். பொதுத்தேர்வு முடியட்டும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்றோம். நீயும் பிரண்ட்ஸை விட்டு வரமாட்டேன் என்றாய். தேர்வு முடிந்தது, உனக்கு 18 ஆயிற்று. பிள்ளை என்ற கணக்கில் புதிதாக உன்னைக் கூட்டிவரும் கதவு அதோடு மூடிவிட்டது. எனக்கு அந்த விதி தெரியும். தெரிந்தும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, உன்னிடம் விவரமாகச் சொல்லவும் இல்லை. அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் அந்த எஸ்-பாரின் கடைசி இரண்டையும் இன்றைக்கு உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நான் நினைப்பது இது: நீ நல்ல நர்ஸாக வருவாய். பாட்டிக்கு சுகர் இறங்கிய அன்று நீ பதறாமல் செய்ததை அப்பா சொன்னார். என் பரிந்துரை: டிகிரியை முடி, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார். ஏஜென்ட் எவனாவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. நர்சிங் வேலைக்கு ஆளிடமே காசு வாங்குவதை இங்கே உள்ள நடைமுறை விதி தடுக்கிறது. அப்புறம் விண்ணப்பம் போடு, வா. நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை, ரொம்ப ஆசை. அது உனக்கு நல்லதா, எனக்கு மட்டும்தான் நல்லதா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதைப் பார்க்க வேண்டியது நீதான்.

கிளினிக்கல் போஸ்டிங்கில் மூச்சை முழு நிமிடம் எண்ணு. யாரும் பார்க்கவில்லை என்று பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதே.

இன்று ராத்திரியும் டியூட்டி, இனிமேல்தான் தூங்க வேண்டும். பதிலை வாய்ஸ் மெசேஜில் அனுப்பாதே, எழுது. உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது.

அம்மா