கதவுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே என்று எழுத நினைத்தேன். ஆனால் உன் முதல் வரியிலேயே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. "அந்தக் கண்றாவியைப் பார்க்கச் சொன்னவன் நீதானே?" என்று கேட்டிருந்தாய். நான்தான், ஒப்புக்கொள்கிறேன். "கிரீன் ரூம்" என்ற அந்த ஆங்கிலப் படத்தைப் பார்த்த இரவு உனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதில் பாதிப் பழி எனக்கு. மீதிப் பாதியை இயக்குநர் ஜெரமி சால்னியே ஏற்றுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் வலி இப்போது படி இறங்கும்போது மட்டும்தான். மகள் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், வேலைக்கு முயன்றுகொண்டிருக்கிறாள். அக்கா மகனும் ஒரு வாரம் வந்து தங்கியிருந்தான். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்துக்காட்டியதில் இரண்டு பேருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உன் திட்டுதான் அதற்கு விளம்பரம். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான்கு பேரும் உட்கார்ந்தோம். எனக்கு இது இரண்டாவது முறை.

என்ன கதை என்று மனைவி கேட்டாள். காட்டுக்குள் இருக்கும் ஒரு கிளப்பில் பாட வந்த சின்ன பங்க் (கோபமும் கூச்சலுமான ஒருவகை ராக்) இசைக்குழு, கிளம்பும் நேரத்தில் மறந்துவிட்ட போனை எடுக்க அறைக்குத் திரும்பிப்போய் ஒரு பிணத்தைப் பார்த்துவிடுகிறது, அப்புறம் அந்த அறையிலிருந்து வெளியே வரமுடியவில்லை என்று சொன்னேன். "வெளியே யார் இருக்கிறார்கள்?" என்றாள். நாஜி வெறி பிடித்த மொட்டைத்தலைக் கும்பல் என்றேன். "சரி, தலையணையை எடுத்துக்கொள்கிறேன்" என்று முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உன் முக்கியமான புகாருக்கு வருகிறேன். "அந்தப் பையன் கையை வெட்டுவதை நின்று நிதானமாகக் காட்டுகிறான், இது கலை இல்லை, கசாப்பு" என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னை விடவில்லை. எனக்கும் அப்படித்தான் நினைவு. வெட்டு விழுவதை என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியமே செய்திருப்பேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்தேன். வெட்டு விழுவது கதவுக்கு அந்தப் பக்கம். கையிலிருக்கும் துப்பாக்கியை வெளியே இருப்பவர்களிடம் ஒப்படைக்க இசைக்குழுப் பையன் கதவிடுக்கில் கையை நீட்டுகிறான், வெளியே அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் அறைக்குள்தான் நிற்கிறோம். அவன் முகம் தெரிகிறது, மற்றவர்கள் இழுப்பது தெரிகிறது. கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கை உள்ளே வந்த பிறகுதான் பார்க்கிறோம். அதைக் காட்டுகிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் நீயும் நானும் "பார்த்த" அந்த வெட்டுகளை நாமேதான் எடுத்துச் சேர்த்திருக்கிறோம்.

மகளிடம் கேட்டேன். அவளும் வெட்டியதைப் பார்த்தேன் என்றுதான் சொன்னாள். மறுபடி ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதற்காக உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அறைக்குள் காவலுக்கு உட்கார்ந்திருந்த கும்பல்காரத் தடியனின் வயிற்றை, அட்டைப்பெட்டி கிழிக்கிற பிளேடுக் கத்தியால் குழுவோடு மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி கிழிக்கும் காட்சி இருக்கிறதே, அங்கே நீ சொல்வது சரி. அதைக் கதவுக்குப் பின்னால் வைக்கவில்லை. கழுத்தை நெரித்ததிலேயே அவன் கதை முடிந்துவிட்டதா இல்லையா என்ற பயம் போதுமானதாக இருந்தது. இரண்டாவது முறையும் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கும்பல் ஏவிவிடும் நாய்கள் பாயும் இடமும் அப்படித்தான். ரத்தம் கொட்டுகிறது என்பதால் மட்டும் அந்தப் படத்தை நான் ஒதுக்கமாட்டேன். நாம் பார்த்து வளர்ந்த படங்களில் தோளில் குண்டு வாங்கியவன் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இருபது பேரை அடித்துப்போடுவான், அடுத்த பாட்டில் தோள் ஆறியிருக்கும். இங்கே கிழிந்த கையில் டக்ட் டேப்பை, அதாவது குழாய் ஒட்டுகிற மாதிரியான தடித்த ஒட்டுநாடாவை, சுற்றுகிறார்கள். அந்த டேப்போடுதான் பையன் கடைசிவரை நடமாடவேண்டியிருக்கிறது. ஒரு காயம் காயமாகவே நீடித்தால் பார்ப்பவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்கா மகனின் கருத்து வேறு. அவனுக்கு வன்முறை போதவில்லை! "ஒருத்தனுக்கும் சண்டை போடத் தெரியவில்லை மாமா, எல்லாரும் சொதப்புகிறார்கள்" என்றான். "போலீஸைத்தான் கூப்பிட்டாயிற்று இல்லையா, கதவைப் பூட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாலே போதுமே" என்றும் சொன்னான். இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். போலீஸ் வரத்தானே செய்தது? கத்திக்குத்து என்று தகவல் போயிருக்கிறது என்றதும், கும்பல் தன் ஆட்களிலேயே ஒரு பையனை இன்னொரு பையனைக் குத்தவைத்து, இதோ கத்திக்குத்து என்று காட்டி அனுப்பிவிடுகிறது. படத்தில் என்னை உலுக்கியது அதுதான். ரத்தம் கொஞ்சம்தான், கணக்கு அவ்வளவு சுத்தம். அதற்கப்புறம் எந்தப் புத்திசாலி உள்ளே இருந்தாலும் என்ன செய்வான் என்று கேட்டேன். "நானாக இருந்தால்..." என்று ஆரம்பித்தான். இருபது வயதில் நாமும் அப்படித்தான் ஆரம்பித்திருப்போம்.

மனைவி சொன்னதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பாழ். கை வெட்டும் இடத்தில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை, அங்கிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிப் படம் அவளுக்கு வெறும் ஒலிச்சித்திரம்தான். முடிந்ததும் வந்து, "கத்தினவர்கள் யாரும் எனக்குப் பயமாக இல்லை, அந்தப் பெரியவர் மெதுவாகப் பேசினாரே, அதுதான்" என்றாள். கும்பல் தலைவனாக வரும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டைத்தான் சொல்கிறாள். ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரின் கேப்டன் பிகார்டாகவும் எக்ஸ்-மென் படங்களின் பேராசிரியராகவும் நாம் நம்பிக் கேட்டுப் பழகிய அதே குரல். அந்தக் குரலை வில்லனுக்குக் கொடுத்தது நல்ல குறும்பு. அவர் ஒரு இடத்திலும் உறுமுவதில்லை. கடையை மூடும் நேரத்தில் கணக்குச் சரிபார்க்கும் மேலாளர் மாதிரி, இது இது இப்படி முடியவேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாய். இரண்டு தளங்களுக்கு நடுவில், ஆறு பேர், முப்பத்தைந்து நிமிடம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முதல் ஐந்து நிமிடம் ஆளுக்கொரு நகைச்சுவை. அப்புறம் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், அதோடு நகைச்சுவை நின்றுபோனது. பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் வரும்: "ரெண்டே நிமிஷம் சார், ஆள் வந்துட்டாங்க." நான்கு முறை அதே வாக்கியம். ஒவ்வொரு முறையும் மரியாதை கூடிக்கொண்டே போனது, எனக்கு வயிறு கலங்கிக்கொண்டே போனது. ஓர் இளைஞன் கதவை நெம்பித் திறக்கலாம் என்றான். கூடாது என்றார் ஒரு பெரியவர். நான் பெரியவர் கட்சி. இன்னொருவர் அழ ஆரம்பித்ததும் கட்சியே மாறியது. கடைசியில் திறந்தபோது பார்த்தால் எங்கள் தளத்துக்கு ஒரு சாண் கீழேதான் நின்றிருக்கிறோம். அந்த ஒரு சாணை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

முதல் முறை பார்த்தபோது உள்ளே இருப்பவர்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்த்து நானும் அக்கா மகன் மாதிரி "முட்டாள்களா!" என்றுதான் கத்தினேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

மூச்சுமுட்டும் படம் என்று எழுதியிருந்தாய். உண்மை, ஆனால் எதனால் முட்டுகிறது என்று யோசித்துப் பார். 2010-இல் வந்த "பரீட்" நினைவிருக்கிறதா? ரையன் ரெனால்ட்ஸைச் சவப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, கேமராவும் வெளியே வராமல் முழுப் படத்தையும் எடுத்தார்களே. அங்கே நம் ஆசை ஒன்றே ஒன்று: மூடி திறந்தால் போதும். இங்கே கதவு திறக்கத்தான் செய்கிறது, திரும்பத் திரும்பத் திறக்கிறது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் ஏதோ ஒன்று போகிறது, ஒரு கை, ஒரு உயிர். அதனால் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறக்காதே என்று நாமே வேண்ட ஆரம்பித்துவிடுகிறோம். நாற்றமடிக்கும் அந்த அறை, வந்தவர்கள் எல்லாம் கிறுக்கிவிட்டுப் போன சுவர்களோடு, நமக்குப் பாதுகாப்பான இடமாக ஆகிவிடுகிறது. லிஃப்டில் அந்தப் பெரியவரோடு நான் சேர்ந்துகொண்டதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மகளின் குறை கொஞ்சம் கனமானது. நாஜிகளை வெறும் பூதமாக வைத்திருக்கிறார்கள், அவர்கள் என்ன நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்று படம் கேட்கவே இல்லை என்றாள். பாதி ஒத்துக்கொண்டேன். கொள்கை பேசும் அந்தக் கும்பல் தரைக்கு அடியில் ஹெராயின் தொழில் நடத்துகிறது என்று தெரியும்போது, மேலே இருக்கும் தலைவனுக்குக் கொள்கை ஒரு திரைச்சீலைதான் என்று படம் சொல்லிவிடுகிறது. கீழே இருக்கும் பொடியன்களுக்கு? ரத்தம் சிந்தியவனுக்குத்தான் ஷூவில் சிவப்புக் கயிறு. அந்தக் கயிறுக்காக அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை. சால்னியே இளமையில் பங்க் இசைக்குழுக்களோடு திரிந்தவர், அதனால் குழுப் பையன்களைத் தெரிந்த அளவுக்கு மற்றவர்களைத் தெரியவில்லையோ என்னவோ என்று அவளே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பையன்களைத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தீவுக் கேள்வி ஒன்று போதும். ஆளில்லாத தீவில் ஒரே ஒரு இசைக்குழுவைக் கேட்கலாம் என்றால் யாரை? ஆரம்பத்தில் பேட்டியில் கேட்டபோது கெத்தான பதில்கள். சாவு கதவைத் தட்டும்போது அதே கேள்விக்கு உண்மையான பதில்கள் வருகின்றன, பங்கும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. நம் விடுதி அறையில் நீ உலக சினிமா பேசிவிட்டு, விளக்கணைத்ததும் பழைய காதல் பாட்டை முணுமுணுப்பாயே, அந்த மாதிரி.

கதாநாயகனாக நடித்த ஆண்டன் யெல்சின் பற்றி உனக்குத் தெரியுமா? படம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் 2015-இல் திரையிடப்பட்டது, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 2016 ஏப்ரலில். அந்த ஜூனிலேயே சொந்தக் கார் பின்னால் உருண்டு வந்து நசுக்கியதில் அவர் இறந்துபோனார். வயது 27. முதல் முறை பார்த்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு பார்க்கும்போது, பையன் தப்பித்துவிடவேண்டும் என்ற பதைப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. இதை வைத்துப் படத்துக்கு மதிப்பெண் போடக்கூடாதுதான், ஆனால் முடியவில்லை.

உன் கடிதத்தின் கடைசியில், நாய் மட்டும் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாய். எங்கள் நான்கு பேரில் மூன்று பேருக்கும் அதுதான். அத்தனை கொலைக்கும் பழக்கிய நாய், கடைசியில் காட்டில் யாரையும் கடிக்காமல் அவர்களைத் தாண்டிப்போய், செத்துக்கிடக்கும் தன் எஜமானன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அக்கா மகன் மட்டும், "கடைசியில் நாயும் சொதப்பிவிட்டது" என்றான்.

மாத்திரையை வேளைக்குப் போடு. உன் மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்று எழுது, என் மனைவி தினமும் கேட்கிறாள். அடுத்த படத்தை நீ சொல், எதுவானாலும் பார்க்கிறேன். ரத்தம் இருந்தால் பரவாயில்லை, லிஃப்ட் வந்தால் மட்டும் முன்கூட்டியே எழுதிவிடு.

உன்
பழைய அறைத்தோழன்